அருளும் முயற்சியும்

சாலவாக்கம், உத்திரமேரூர் ஆகிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட காஞ்சிபுரம் மாவட்டம் ஒரு பழைய சமய வழக்கினை நன்கறியும். காஞ்சியை அடுத்த தூப்புலில் 1268-இல் தோன்றியவராக மரபு கூறும் வேதாந்த தேசிகர், இறைவன் அருள்புரிய உயிரின் பால் ஒரு சிறு வியாஜமேனும் வேண்டும் என்றார். அவருக்கு மூத்தவரான திருவரங்கத்துப் பிள்ளை உலகாசிரியரோ அருளுக்குக் காரணமே வேண்டா என்றார். தாயை இறுகப் பற்றும் குரங்குக்குட்டியும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியும் இவ்விரு நெறிகளுக்கு உவமைகளாயின.

கிறித்தவ உலகிலும் இவ்வழக்கு நெடுங்காலம் நடந்தது. மனிதன் தன் விருப்பாற்றலால் நன்மையைத் தேர்ந்து வாழ இயலும் என்றார் பெலாஜியஸ். பாவத்தால் கட்டுண்ட மனம் அருளின்றி எழாது என்றார் அகஸ்டின். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் பேரவை பெலாஜியக் கொள்கையைக் கண்டித்தது. 1524-இல் எராஸ்மஸ் விருப்புரிமைக்காக நூல் எழுத, அடுத்த ஆண்டே லூத்தர் அதனை மறுத்து எழுதினார். மீட்கப்படுவோரைக் கடவுள் முன்குறித்தார் என்ற கால்வினின் வழிவந்தோர்க்கும், அருளை ஏற்கவும் மறுக்கவும் மனிதனால் இயலும் என்ற அர்மீனியஸின் வழிவந்தோர்க்கும் மூண்ட பூசலை, 1618-19-இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய பேரவை முன்னவர் பக்கம் நின்று தீர்த்தது. ஆயினும் வழக்கு ஓயவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி அர்மீனியஸின் கருத்தையே போற்றினார்.

இரு திறத்தாரும் எளிதில் தள்ளத்தக்கவர் அல்லர். மீட்பு முயற்சியின் பயனாயின் சிலுவை எதற்கு? அனைத்தும் இறைவன் செயலாயின் அறிவுரையும் கண்டனமும் எதற்கு? பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் மீட்புக்காக உழைக்கும்படி ஏவி, அவ்வுழைப்பையும் அதற்கான விருப்பத்தையும் உள்ளிருந்து உண்டாக்குபவர் கடவுளே என அடுத்த வசனத்திலேயே கூறுகின்றார். இரண்டையும் அருகருகே வைத்தாரேயன்றி ஒன்றால் மற்றொன்றை அழித்தாரல்லர்.

இவ்வழக்கின் நிழல் தமிழ்க் காவியம் ஒன்றிலும் படிந்தது. நெல்லை மாவட்டத்துக் கரையிருப்பில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858-இல் திருமுழுக்குப் பெற்றார். கால்வினியச் சார்புடைய ஜான் பனியனின் உருவகக் கதையைத் தழுவி அவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வெளிவந்தது. வீடணன் அடைக்கலம் புகுந்ததைக் கேட்டு வளர்ந்த வைணவச் சூழலிலிருந்து வந்த அவருக்குச் சரணடைதல் புதிய பொருளன்று. சரண் அளிப்பவரே புதியவர்.

பனியனின் கதையில் பயணி தன் ஊரை விட்டுத் தானே ஓடுகின்றான், சேற்றில் விழுகின்றான், இடுக்கமான வாயிலைத் தட்டுகின்றான். ஆனால் முதுகில் சுமந்த பாரத்தை அவன் அவிழ்க்கவில்லை. சிலுவையின் முன் நின்றபோது அது தானே கழன்று வீழ்ந்தது. நடை அவனுடையது; விடுதலை அவன் கைச்செயலன்று. பேரவைகள் வாதிட்டும் ஓயாத வழக்கின் இரு முனைகளையும் இக்காட்சி ஒருங்கே தாங்கி நிற்கின்றது. கருத்து நூல்கள் பிரித்துக் காட்டியதைக் கதை சேர்த்துக் காட்டியமையாலன்றோ, கம்பனில் தோய்ந்த ஒரு தமிழ்ப் புலவர் அதனைத் தம் காவியத்துக்கு உரிய பொருளாகக் கொண்டார்!