வண்டிக்கு இட்ட பொறி

'பொறி' என்பது தமிழில் பலபொருள் ஒருசொல். அடையாளமாக இடும் முத்திரை பொறி. இயங்கும் எந்திரம் பொறி. விலங்கை அகப்படுத்தும் கருவியும் பொறியே. மோட்டார் வண்டித் திருட்டின் வரலாற்றை நோக்குவார்க்கு இம்மூன்று பொருளும் ஓரிடத்தில் வந்து கூடுவது வியப்பளிக்கும்.

உடைமைக்குக் குறியிடும் வழக்கம் மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்தில் ஏற்றவும் இறக்கவும் வந்த பண்டங்களுக்குச் சோழரின் புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறும். அக்காலத்தில் நடமாடும் செல்வம் ஆனிரை. அதனைக் கவர்தலையும் மீட்டலையும் தொல்காப்பியம் வெட்சியில் அடக்கிற்று. பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை மீட்டலைக் கரந்தை எனத் தனித் திணையாக்கிற்று. செங்கம் பகுதி நடுகற்கள் பல, தொறு மீட்டுப் பட்டாரின் நினைவுக் கற்களே. மாட்டின் சூட்டுக்குறி, இயற்கை மறு, நிறம், கொம்பின் அமைப்பு ஆகியவற்றை ஏட்டில் பதிய வேண்டும் என்று அர்த்தசாத்திரம் ஆநிரைத் தலைவனுக்கு விதிக்கிறது. இட்ட குறியை மாற்றிவிடலாம். பிறவிக் குறியை மாற்றுதல் அரிது. ஆதலின் இரண்டையும் எழுதச் சொன்ன நுட்பம் கருதத்தக்கது.

தில்லியை 1296 முதல் 1316 வரை ஆண்ட அலாவுதீன் கில்ஜி, படைக் குதிரைகளுக்குச் சூடு போடும் 'தாக்' முறையைக் கொணர்ந்தார். ஒரே குதிரையை இருமுறை காட்டி இருமடங்கு பணம் பெறும் சூழ்ச்சியைத் தடுப்பதே அதன் நோக்கம். பின்னர் ஷேர்ஷாவும் அக்பரும் அதனை மீண்டும் நடைமுறைப்படுத்தினர்.

இனி மலாயாவுக்கு வருவோம். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், செங்கல்லும் ஓடும் கொண்டே வீடு கட்ட வேண்டுமென்று ஆணை பிறந்தது. செங்கற் சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். அந்நாளில் பாரம் சுமந்தது மாட்டுவண்டி. அதனை ஓட்டியோரில் தமிழர் பலர். மாட்டையும் வண்டிக்காரரையும் ஊரே அறியும். 1886இல் கிள்ளான் பக்கம் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பிறகு மோட்டார் வந்தது. முகம் அறியாத மக்கள் நடுவே, ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கும் வண்டிகள் ஓடத் தொடங்கியபோதுதான் எண்ணின் தேவை பிறந்தது.

பாரிசில் 1893இலும் பிரிட்டனில் 1904 சனவரி முதல் நாளிலும் எண் பட்டை நடைமுறைக்கு வந்தது. அது முதன்மையாகத் திருடனைப் பிடிக்க ஏற்பட்டதன்று. மோதிவிட்டு நில்லாமல் ஓடியவனைக் கண்டறிய ஏற்பட்டது. இந்த வேறுபாட்டை மறந்தமையால் விளைந்த குழப்பம் பெரிது. மலேசிய எண் பட்டையில் முதலெழுத்து மாநிலத்தைக் காட்டும். சிலாங்கூருக்கு 'பி', பேராக்கிற்கு 'ஏ', ஜொகூருக்கு 'ஜே'. 1974 பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. அவ்வாண்டிலேயே 'டபிள்யூ' எழுத்தும் பிறந்தது. அதுவரை பிரிக்பீல்ட்சில் நின்ற வண்டியும் கிள்ளானில் நின்ற வண்டியும் ஒரே 'பி'யைத் தாங்கியவையே. ஒன்று, சுழி ஆகிய எண்களோடு மயங்கும் 'ஐ', 'ஓ' என்னும் எழுத்துகள் விலக்கப்பட்டன. மயக்கம் தவிர்த்தல் இலக்கணத்துக்கு மட்டும் உரியதன்று போலும்!

ஆயினும் பட்டை இரண்டு திருகாணியில் நிற்பது. திருடனுக்கு அதைக் கழற்றச் சில நிமிடம் போதும். ஆகவே உண்மையான அடையாளம் அடிச்சட்டத்திலும் இயந்திரத்திலும் பொறித்த எண்களாயிற்று. அமெரிக்கா 1981இல் பதினேழு குறிகள் கொண்ட அடையாள எண்ணை வரையறுத்தது. அதிலும் 'ஐ', 'ஓ' இல்லை, 'கியூ'வும் இல்லை.

திருட்டுக் கும்பல் இதற்கும் வழி கண்டது. விபத்தில் நொறுங்கிய காரை ஆவணங்களோடு மலிவாக வாங்கி, அதன் எண்ணைத் திருடிய காருக்கு ஏற்றுவர். வெவ்வேறு வண்டிகளின் பாதிகளை வெட்டி ஒட்டுவதும் உண்டு. மலேசியர் அதனைக் 'கெரெத்தா போத்தோங்' என்பர். அலாவுதீன் காலத்தில் ஒரு குதிரை இரண்டாகக் காட்டப்பட்டது. இங்கோ இரண்டு வண்டிகள் ஒன்றாகக் காட்டப்படுகின்றன.

அராவிய எண் முற்றும் அழிவதில்லை என்பது அறிவியல் தந்த ஆறுதல். உளி அழுந்திய இடத்தில் மேற்பரப்பின் கீழும் உலோகம் நெருக்குண்டு திரிந்திருக்கும். செப்புக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசினால் அத்திரிந்த பகுதி வேறு விதமாக அரிக்கப்பட்டு, மறைந்த எண் மங்கலாகத் தோன்றும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத் தடயவியலாரும் எஃகு, அலுமினியப் பரப்புகளில் இதனை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர். ஆழமாக அராவிவிட்டால் இம்முறையும் கைகொடாது.

வண்டியை முழுதாக விற்பதைவிடப் பகுதி பகுதியாகப் பிரித்து விற்பதில் கும்பலுக்கு அச்சம் குறைவு. கதவுக்கும் விளக்குக்கும் பெயர் இல்லை. ஆதலால் 1984இல் அமெரிக்கச் சட்டம், மிகுதியாகத் திருடப்படும் வகைக் கார்களின் முக்கியப் பாகங்களுக்கும் எண் இடச் செய்தது. கண்ணாடியில் எண்ணை அரித்துப் பொறிப்பது மலிவான வழி. எண்ணை மாற்ற விரும்பும் திருடன் எல்லாக் கண்ணாடிகளையும் மாற்ற வேண்டும். மணல் துகள்போன்ற நுண்புள்ளிகளில் எண்ணை எழுதி, பசையில் கலந்து வண்டி முழுதும் தெளிப்பது புதிய வழி. தென்னாப்பிரிக்கா 2012இல் அதனைப் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமாக்கியது. ஆயிரக்கணக்கான புள்ளிகளில் ஒன்று எஞ்சினாலும் போதும். எது எஞ்சியது என்று திருடன் அறியான். முத்திரைப் பொறி கண்ணிப் பொறியாக மாறும் இடம் இதுவே.

இவற்றால் காக்கப்படுபவர் காரின் முதல் உரிமையாளர் மட்டுமல்லர். மலேசியாவின் 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம், 27ஆம் பிரிவில், விற்பவனுக்கு இல்லாத உரிமை வாங்குபவனுக்கும் இல்லை என்ற பொதுவிதியைக் கூறுகிறது. கிள்ளானில் பழைய லாரி ஒன்றைத் தம் சேமிப்பைக் கொட்டி வாங்கும் தொழிலாளி, அது திருட்டு லாரி எனத் தெரியவந்தால், வண்டியை இழப்பார். பணமும் பெரும்பாலும் திரும்பாது. அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. 1994இல் தோன்றிய புஸ்பாகம், உரிமை மாற்றத்துக்கு முன் அடிச்சட்ட எண்ணையும் இயந்திர எண்ணையும் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையை நடத்தி வந்ததன் பயன் இங்கேதான். சோதகர் குனிந்து, அழுக்கைத் துடைத்து, கைவிளக்கொளியில் படிக்கும் அச்சிறு வரியில் அந்தத் தொழிலாளியின் பல்லாண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது.