இரண்டு நவாபுகளுக்கு நடுவில் திருச்சிச் சீமை (1751 – 1755)

காவிரிக்கு மூன்று ரங்கம் என்பது பெரியவர்கள் வாக்கு. நம் மைசூருக்குப் பதினைந்து கிலோமீட்டரில் இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம். சிவசமுத்திரம் மத்தியரங்கம். திருச்சி ஸ்ரீரங்கம் அந்தியரங்கம். இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இந்த மூன்றையும் தரிசிக்காதவர்கள் குறைவு. ஒரே நாளில் மூன்றையும் சேவித்துவிட வேண்டுமென்று விடியற்காலையில் வண்டி கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு. ஆனால் ஆதிரங்கத்து அரசின் பெரும் சேனை ஒன்று அந்தியரங்கத்தில் போய் மூன்று வருஷத்துக்கு மேல் கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இந்தக் கதை கர்நாடகத்தில் ஒரு மாதிரியும் தமிழ்நாட்டில் வேறு மாதிரியும் சொல்லப்படுகிறது. இங்கே நம் பிள்ளைகள் கேட்பது, ஆற்காட்டு நவாப் மைசூரை ஏமாற்றினான் என்ற கதை. ஊரில் நம் உறவுக்காரப் பிள்ளைகள் படிப்பது ராபர்ட் கிளைவின் சாமர்த்தியம். அதில் மைசூர்ப் படை ஓரமாக நிற்கும். இரண்டு கதையிலும் காணாமல் போனது திருச்சிச் சீமைதான். போர் நடந்தது அதன் வயலில்; ஆனால் அதை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சண்டையின் மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1741-ல் மராட்டியர் திருச்சியைப் பிடித்து, அதை ஆண்ட சந்தா சாகிபைச் சிறையாகக் கொண்டுபோனார்கள். 1748-ல் அவர் விடுதலையாகித் திரும்பியபோது ஆற்காட்டில் அன்வருதீன் நவாபாக இருந்தார். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் அன்வருதீன் மாண்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் ஓடிப் புகுந்துகொண்டார். ஆக, ஒரே நாட்டுக்கு இரண்டு நவாபு. சந்தா சாகிபுக்குப் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் துணை. முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை. இதை ஐரோப்பியரின் சண்டை என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது இந்த நாட்டு உள்நாட்டுப் போர்தான். வெளியார் இரண்டு பக்கமும் வந்து ஒட்டிக்கொண்டார்கள்.

1751-ல் திருச்சி முற்றுகை தொடங்கியது. முகமது அலியிடம் பணமும் இல்லை, படையும் போதவில்லை. மைசூரில் அப்போது அரசர் இம்மடி கிருஷ்ணராஜ உடையார் என்றாலும் அதிகாரமெல்லாம் களலே குடும்பத்து நஞ்சராஜர் கையில். அவரிடம் தூது போயிற்று. உதவி செய்தால் திருச்சியையும் அதற்குட்பட்ட சீமை முழுவதையும், கன்னியாகுமரி வரைக்கும், மைசூருக்கே தந்துவிடுவதாக வாக்கு. ரகசிய உடன்படிக்கை, கூட நின்ற ஆங்கிலேயருக்கே அது தெரியாது. சரக்கு தன் கைவசம் இருக்கிறதா என்றே தெரியாத நிலையில் விற்ற வியாபாரம் இது. வாங்கியவரும் பத்திரத்தைச் சோதிக்கவில்லை.

1752 தொடக்கத்தில் மைசூர்ப் படை கரூர் வழியாக வந்து சேர்ந்தது. மைசூர்ச் சம்பளத்தில் முராரி ராவின் 6,000 மராட்டியக் குதிரை கூட வந்தது. தஞ்சை அரசர் பிரதாபசிங் 3,000 குதிரையும் 2,000 காலாளும் கொடுத்து மானோஜியை அனுப்பினார். புதுக்கோட்டைத் தொண்டைமான் தம் பங்குக்கு 400 குதிரையும் 3,000 கள்ளர் படையும் அனுப்பினார். இந்தக் கணக்கெல்லாம் அக்காலத்து ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் குறித்து வைத்தவை.

பிறகு நடந்தது விரைவாக நடந்தது. சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கி, கோயில் மதில்களையே கோட்டையாகக் கொண்டார்கள். 1752 ஜூனில் சரணடைந்தார்கள். அப்போது கோயிலுக்குள் இருந்த ஆயிரம் ராஜபுத்திர வீரர்கள், வென்றவர்கள் மூன்றாம் மதிலைத் தாண்டி உள்ளே வருவதில்லை என்று உறுதி தந்தால்தான் வெளியேறுவோம், இல்லையேல் வெட்டிச் சாவோம் என்று நின்றார்களாம். அந்த உறுதி கொடுக்கப்பட்டது. தோற்ற பக்கத்துச் சிப்பாய்கள், யாரோ ஓர் ஊர்க்காரர்கள், ரங்கநாதர் சன்னிதியைக் காத்தார்கள். சமணனான எனக்கு இதை எழுதும்போதும் மனம் நெகிழத்தான் செய்கிறது.

சந்தா சாகிப் மானோஜியிடம் அடைக்கலம் புகுந்தார். கைதி எனக்கு, உனக்கு என்று நான்கு பக்கமும் சச்சரவு வந்தது. மானோஜி தலையை வாங்கி வழக்கைத் தீர்த்தார்.

இத்துடன் போர் முடிந்திருக்க வேண்டும். அங்கேதான் ஆரம்பம். நஞ்சராஜர் வாக்குப்படி திருச்சியைக் கேட்டார். முகமது அலி வாக்குக் கொடுத்ததை ஒப்புக்கொண்டார். ஆனால் ஊர் முகலாய பாதுஷாவுடையது, அதைத் தூக்கிக் கொடுக்க எனக்கென்ன உரிமை என்றார். இரண்டு மாதம் தவணை கேட்டு, ஸ்ரீரங்கம் தீவின் வருவாயைக் கொடுத்து, கோட்டைக்குள் 700 மைசூர் வீரரை வைத்துக்கொள்ள இடமும் கொடுத்தார். நஞ்சராஜர் ஸ்ரீரங்கத்தை விட்டு நகரவில்லை. தவணை கடந்தது. 1753 பிறக்கும்போது அவர் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்துவிட்டார். எந்தக் கோட்டையைக் காக்க வந்தாரோ அந்தக் கோட்டையையே முற்றுகையிட்டார்! அவர் பக்க நியாயத்தை நாம் இங்கே இருந்துகொண்டு மறுக்க முடியாது. ஆனால் தருகிறேன் என்றவருக்கும் கேட்டவருக்கும் அந்தச் சீமையில் குடியிருப்பவர்களிடம் என்ன பத்திரம் இருந்தது?

இனி அரிசிக்கு வருகிறேன். இது எனக்குப் பழக்கமான விஷயம் என்பதால் சற்று விரித்து எழுதினால் வாசக அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முற்றுகை என்றால் பீரங்கி என்று நினைக்கிறோம். உண்மையில் அது மூட்டைக் கணக்கு. 1753 ஏப்ரலில் கோட்டைக் காவலில் இருந்த ஆங்கிலத் தளபதி டால்ட்டன் களஞ்சியத்தில் எவ்வளவு நெல் இருக்கிறதென்று விசாரித்தார். மூன்று வாரத்துக்குத்தான் இருந்தது. கோட்டைப் பொறுப்பில் இருந்த நவாபின் உறவினர் கைருதீன், இருப்பையெல்லாம் ஊர் ஜனங்களுக்கு நல்ல விலைக்கு விற்று லாபம் பார்த்திருந்தார். மூன்று பக்கமும் எதிரி, கையிருப்பு இல்லை, பொறுப்பாளரே பதுக்கல்காரர். லாபம் பார்ப்பது தப்பென்று நான் சொல்ல மாட்டேன், அதில்தான் நானும் பிள்ளைகளை வளர்த்தேன். ஆனால் முற்றுகைச் சரக்கை விற்றவன் வியாபாரி அல்ல. செய்தி கேட்டு மேஜர் லாரன்ஸ் கடலூர்ப் பக்கத்திலிருந்து அவசரமாகப் படையோடு திரும்ப வேண்டியதாயிற்று. அந்த வருஷத்தில் திருச்சி நகர ஜனங்கள் வயிற்றுக்கு வழியில்லாமல் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டுப் போனார்கள். தெருக்கள் வெறிச்சோடின. எந்த ஊருக்குப் போனார்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு இந்த ஒரு வரி மற்ற வெற்றிகளை விடப் பெரிதாகப் படுகிறது.

மிச்சமிருந்தவர்களைக் காப்பாற்றியது புதுக்கோட்டைச் சீமை நெல். திருச்சிக்குத் தெற்கே தொண்டைமான் காடுகள். அவ்வழியே இரவோடிரவாக மாட்டின் முதுகில் பொதி வரும். யூசுப் கான், மதுரைப் பக்கத்தில் மருதநாயகம் என்று சொல்லப்படுபவர், சிப்பாய்களோடு காவல் வருவார். இன்றைக்கு ரயில்வே பட்டறையால் நாம் அறிந்த பொன்மலை இருக்கிறதே, அங்கே 1753 ஜூனில் பெரிய சண்டை நடந்ததும் இந்த வழிக்காகத்தான். குன்றைப் பிடித்தவன் கையில் தெற்கு வழி. 1754 பிப்ரவரியில் கூத்தப்பாறை அருகே ஒரு பெரிய பொதிக் கூட்டம் காவல் படையோடு சேர்ந்து எதிரி கையில் சிக்கியது. ஆங்கிலேயருக்கு அந்தப் போரில் அதைப் போல இழப்பு வேறில்லை. தொண்டைமான் இத்தனைக்கும் பக்கம் மாறவில்லை. அதற்காகப் பிரெஞ்சுப் படை அவர் நாட்டுக்குள் புகுந்து கிராமங்களைக் கொளுத்தியது. சித்தன்னவாசல் ஓவியம் இருக்கும் மண் அது.

தஞ்சைக்கு அந்த உறுதி வரவில்லை. ஒருநாள் நவாப் பக்கம், மறுநாள் யார் பக்கமும் இல்லை. நஞ்சராஜர் தஞ்சை மந்திரி சக்கோஜியைப் பணத்தால் வசப்படுத்தியிருந்தார். மானோஜி தள்ளி வைக்கப்பட்டார். பிரதாபசிங்கைக் கோழை என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்குச் சம்மதமில்லை. நடுவில் மாட்டிய நாடு என்ன செய்யும்? இங்கிலாந்தில் 1642-ல் அரசருக்கும் பார்லிமெண்டுக்கும் போர் மூண்டபோது செஷைர் என்ற மாவட்டத்துப் பெரிய மனிதர்கள் இரு கட்சியிலிருந்தும் அந்த டிசம்பரில் பன்பரி என்ற ஊரில் கூடி, நம் ஜில்லாவுக்குள் சண்டை வேண்டாம், படைகளைக் கலைத்துவிடுவோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். மேலே இருந்தவர்கள் ஒப்பவில்லை. அடுத்த வருஷமே அங்கே போர். 1645-ல் தென்மேற்கு மாவட்டங்களில் குடியானவர்களே தடி எடுத்து, எந்தப் பக்கத்துச் சிப்பாயானாலும் மாட்டைத் தொட்டால் அடிப்போம் என்று கிளம்பினார்கள். அவர்களையும் பார்லிமெண்டுப் படை அடக்கியது. சும்மா இருக்கிறேன் என்று சொல்வதற்கும் ஒரு பலம் வேண்டியிருக்கிறது; அந்தப் பலம் தஞ்சையிடம் இல்லை.

1754-ல் அதற்குக் கிடைத்த தண்டனை கொடியது. கோவிலடி அருகே, காவிரி நீர் கொள்ளிடத்தில் இறங்கி வீணாகாமல் தடுக்கும் கரையைப் பிரெஞ்சுப் படை வெட்டிவிட்டது. சிப்பாயை அடிக்கவில்லை, அரசனை அடிக்கவில்லை. அடுத்த போகத்தை அடித்தார்கள். காவிரித் தண்ணீரைப் பற்றி இரு மாநிலத்தாரும் பேசும்போது, ஊடே இருக்கும் நமக்குச் சங்கடம். இந்தக் கரை வெட்டு அந்தக் கணக்கில் சேராது, ஆனாலும் என் நினைவுக்கு அடிக்கடி வருகிறது. அதற்குப் பிறகுதான் பிரதாபசிங் மானோஜியைத் திரும்ப அழைத்து, ஆங்கிலேயரோடு நேராகச் சேர்ந்தார்.

நடுவில் மாட்டியவர்கள் நாடுகள் மட்டுமல்ல. லாரன்ஸுக்குத் துபாஷாக இருந்த பொன்னியப்பன், மைசூர் முகாமோடு ரகசியமாகத் தொடர்பு வைத்து, யூசுப் கான்மேல் பழி விழும்படி ஒரு பொய்க் கடிதத்தைச் சிக்க வைத்தார். குட்டு உடைந்தது. பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

1754 அக்டோபரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போர் நிறுத்தம் செய்துகொண்டார்கள். நஞ்சராஜரைக் கேட்கவில்லை. அவர் அப்போதும் ஸ்ரீரங்கத்திலேயே இருந்தார். 1755-ல் ஹைதராபாத் சலாபத் ஜங், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியோடு மைசூர் எல்லைக்குள் வந்து கப்பம் கேட்கிறார் என்று தகவல் வந்தது, அவசரமாகத் திரும்பினார். திருச்சி கிடைக்கவில்லை, சேனைச் செலவு போயிற்று, கப்பத்துக்குக் கோயில் நகை, அரண்மனை நகை போயிற்று. சம்பளம் கிடைக்காத படை முணுமுணுத்தது. திருச்சி முகாமில் பெயர் எடுத்த ஹைதர் அலி 1755-ல் திண்டுக்கல் பௌஜ்தார் ஆனார்; 1761-ல் மைசூரே அவர் கைக்கு வந்தது. நஞ்சராஜரைப் பின்னர் காவலில் வைத்தவரும் அவரே. தஞ்சையை 1773-ல் நவாபே ஆங்கிலேயர் துணையோடு பிடித்தார். 1776-ல் திருப்பிக் கொடுத்தார்கள். 1855-ல் அரசே இல்லாமல் போயிற்று. தொண்டைமான் சமஸ்தானம் மட்டும் 1948 மார்ச் வரை இருந்து இந்திய யூனியனில் இணைந்தது.

இந்த நஞ்சராஜர் வெறும் படைத்தலைவர் அல்லர். கன்னடத்தில் நூல்கள் செய்தவர். அவற்றில் ஒன்று ஹாலாஸ்ய மாஹாத்மியம். நம் மதுரையின் திருவிளையாடல் கதைதான் அது. கன்னியாகுமரி வரை கேட்டவர் மதுரைச் சொக்கநாதர் புராணத்தைக் கன்னடத்துக்குக் கொண்டுவந்தார். அது மட்டும் அவர் கையில் தங்கியது.

அடுத்த முறை திருச்சி போகிறவர்கள் மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் பார்த்தபின் நத்தர்வலி தர்காவுக்கும் போய்வாருங்கள். சந்தா சாகிப் அங்கே அடக்கம். 1795-ல் சென்னையில் இறந்த முகமது அலியையும் பின்னர் கொண்டுவந்து அங்கேதான் அடக்கம் செய்தார்கள்.