வண்டி திரும்பிய வரலாறு

மோட்டார் வண்டியின் வரலாற்றைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியே பேசி முடித்துவிடுகின்றனர். வண்டி ஓடத் தொடங்கிய கதையை அறிந்த நாம், அது திரும்பக் கற்ற கதையை எண்ணிப் பார்ப்பதில்லை. ஓடுவதினும் திரும்புவதே அரிது என்பதற்குச் சான்று வேண்டின், நம் ஊர்த் தேரை நினைத்தால் போதும். நேரான வீதியில் தேரை இழுக்க வடமும் தோள்வலியும் போதுமானவை. வீதி முனையில் திருப்புவதற்கோ முட்டுக்கட்டை போடுவோரின் பழகிய கைகள் வேண்டும். தேரின் அச்சுகள் திரும்பாதவை; ஆதலால் சக்கரங்களைச் சறுக்கச் செய்தே அதைத் திருப்ப வேண்டியிருக்கிறது.

மேனாட்டுக் குதிரை வண்டிகளில் இதற்கு வேறொரு வழி கண்டனர். முன் அச்சு முழுவதையும் நடுவில் ஓர் ஆணியில் பொருத்தி, அச்சோடு சேர்த்துச் சக்கரங்களைத் திருப்பினர். ஆனால் அச்சு திரும்பத் திரும்ப வண்டியைத் தாங்கும் அடித்தளம் குறுகி முக்கோணம் போலாகிவிடும். வேகமாகத் திரும்பிய வண்டிகள் கவிழ்ந்தன. நோயாளிகளைக் காண ஓயாது வண்டியில் பயணம் செய்த ஆங்கில மருத்துவர் எராஸ்மஸ் டார்வின், 1758-ஆம் ஆண்டையொட்டி, அச்சு அசையாதிருக்கச் சக்கரங்கள் மட்டும் தனித்தனியே திரும்பும் அமைப்பைக் கருதினார். உயிரியல் அறிஞர் சார்லஸ் டார்வினின் பாட்டனார் இவர். அக்கருத்து அப்போது பரவவில்லை.

பின்னர் மியூனிக் நகரில் வண்டி செய்யும் தொழிலில் இருந்த ஜார்ஜ் லாங்கென்ஸ்பெர்கர் இதே அமைப்பை உருவாக்கினார். இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்றவர் லண்டனில் படங்களும் நூல்களும் வெளியிட்டுவந்த ருடால்ப் ஆக்கர்மன், ஆண்டு 1818. இன்றும் இவ்வமைப்புக்கு ஆக்கர்மன் அமைப்பு என்றே பெயர். படைத்தவர் பெயர் மறைந்து, வேற்று நாட்டில் அதை அறிமுகம் செய்தவர் பெயர் நிலைத்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது சற்றே புன்முறுவல் தருகிறது. நம் தொழிலில் நடப்பது இதற்கு நேர்மாறு.

இவ்வமைப்பின் உட்பொருள் எளிது. வண்டி வளையும்போது உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்கின்றன. ஆகவே உட்சக்கரம் சற்று அதிகமாகத் திரும்பவேண்டும். இல்லையேல் ஏதேனும் ஒரு சக்கரம் தரையில் தேய்ந்து இழுபடும். 1873-இல் பிரான்சில் அமெதே பொல்லே தம் நீராவி வண்டியில் முன்சக்கரங்களைத் தனித்தனியே திருப்பிக் காட்டினார். 1878-இல் சார்ல் ஜான்தோ, திருப்பும் கைகளைப் பின் அச்சின் நடுவை நோக்கிச் சாய்த்தமைத்தால் இவ்விரு கோணங்களும் ஏறத்தாழப் பொருந்திவிடும் எனக் கண்டார். நான்கு சக்கரங்களைத் திருப்பும் வழி மனநிறைவு தராமையாலேயே 1886-இல் கார்ல் பென்ஸ் தம் முதல் மோட்டார் வண்டியை மூன்று சக்கரங்களோடு அமைத்தார். 1893-இல்தான் அவர் இதற்கு விடை கண்டு காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு பாரிஸ்–ரூவான் பந்தயத்தில் வாஷெரான் என்பவர், கைப்பிடித் தண்டுக்குப் பதிலாக வட்டமான ஸ்டீரிங் பொருத்திய பனார் வண்டியை ஓட்டினார்.

திரும்பக் கற்ற வண்டி, பிறகு நேராகச் செல்லவும் கற்கவேண்டியதாயிற்று. இதற்கென அமைந்தவை மூன்று கோணங்கள். சக்கரத்தைத் தாங்கும் கிங் பின்னின் தலை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர். திருப்பிய சக்கரம் தானே நேர்நிலைக்கு மீள்வது பெரிதும் இதனால்தான். சக்கரத்தின் மேற்பகுதி வெளிப்புறம் சாய்ந்திருப்பது கேம்பர். இது மரச்சக்கரக் காலத்திலிருந்தே வந்த வழக்கம். இவ்வாறு சாய்ந்த சக்கரம் வெளிப்புறம் விலகி உருள முயல்வதால், இரு சக்கரங்களின் முன்விளிம்புகளையும் சற்றே நெருக்கி வைப்பர், அதுவே டோ-இன். பழைய வண்டிகள் பலவற்றில் இந்நெருக்கம் 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான். அவ்வளவு சிறிய அளவு ஒரு டயரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

1920-களில் முன்சக்கரப் பிரேக்கும் காற்றழுத்தம் குறைந்த பருத்த டயரும் வந்தபோது புதியதொரு தொல்லை தோன்றிற்று. வேகமெடுத்ததும் முன்சக்கரங்கள் இடமும் வலமுமாக உதறத் தொடங்கின. இதை ஆராய்ந்தோருள் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலப் பொறியாளர் குறிப்பிடத்தக்கவர். 1934-ஆம் ஆண்டு மாடல்களில் அந்நிறுவனம் முன்சக்கரங்களைத் தனித்தனி ஸ்பிரிங்குகளில் அமைத்தது. கார்கள் அவ்வழியே சென்றன. ஆனால் சுமை வண்டிகள் உறுதி கருதி ஒற்றை அச்சையே நெடுங்காலம் விடாது பற்றியிருந்தன. 1925-இல் போர்டு நிறுவனம் மாடல் டி வண்டியின் பின்புறம் சுமைப்பெட்டி பொருத்தி 281 டாலருக்கு விற்ற பிக்கப்பும் அத்தகையதே. 1940-களின் இறுதியில் மும்பையில் இணைத்துக் கட்டத் தொடங்கப்பட்ட வில்லிஸ் ஜீப்புகளும் பட்டை ஸ்பிரிங்கின்மேல் ஒற்றை முன்னச்சு கொண்டவையே. பழைய பிக்கப் வண்டியொன்றை வாங்கிப் பிழைப்பு நடத்துவோர் இவ்வரலாற்றின் வாரிசுகளாவர்.

வெளி மாநிலங்களில் சிறு வணிகம் செய்யும் நம்மவருக்கு இவ்வரலாறு நேரே பயன்படும் இடம் ஒன்றுண்டு. வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. பட்டறையில் "அலைன்மென்ட்" என்று சொல்லி டோ-இன்னைத் திருத்திப் பணம் பெற்றுக்கொள்கின்றனர். வண்டி மறுநாளும் இழுக்கிறது. காரணம் யாது? டோ-இன் பிழை டயரைத் தின்னும், வண்டியை அலையவும் விடும். ஆனால் பொதுவாக ஒரே பக்கமாக இழுப்பதில்லை. இழுப்புக்குக் காரணம் வேறெங்கோ இருக்கும். அதை முறையாகத் தேடவேண்டும்.

முதலில் இரு முன்டயர்களின் காற்றழுத்தம் சமமா எனக் காண்க. பின்பு அவற்றை இடம் மாற்றிப் பொருத்துக. இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. சிறிது தூரம் பிரேக் அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி, இரு பிரேக் டிரம்களின் அருகே கையைக் கொண்டு சென்று பார்த்தால், ஒன்று மட்டும் சுடுமாயின் பிரேக் பிடித்தபடி உள்ளது. நம் நாட்டில் இடப்புறம் செல்லும் வண்டி, சாலையின் சரிவால் சற்றே இடப்புறம் நகர்வது இயல்பு. அதைப் பழுதென்று கொள்ளற்க.

அடுத்து, பின்சக்கரங்களுக்கு அடைக்கட்டை கொடுத்து, முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தி உறுதியான தாங்கியில் நிறுத்திச் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்க வேண்டும். ஆட்டம் இருப்பின் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் செய்க. ஆட்டம் மறைந்தால் பேரிங் தளர்ந்துள்ளது. மறையாவிட்டால் கிங் பின் தேய்ந்துள்ளது. இடமும் வலமுமாகப் பிடித்து அசைக்கையில் மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராட் முனைகளை ஐயுறுக. பின்பு இரு பக்கத்திலும் முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை அளந்து ஒப்பிடுக. அளவு வேறுபட்டால் ஸ்பிரிங்கின் நடு போல்ட் முறிந்து அச்சு நகர்ந்திருக்கக்கூடும். ஸ்டீரிங் பெட்டியைத் தொடுவது இவற்றுக்கெல்லாம் பிறகே. ஆட்டத்தைப் போக்குவதற்காக அதன் திருகை அளவுக்கு மீறி முறுக்கினால், திருப்பிய சக்கரம் மீளாமல் நின்றுவிடும். மலைப்பாதையில் அது உயிருக்கே கேடு.

கோணங்களைத் திருத்துவது இறுதிப் பணி. ஒற்றை அச்சு வண்டியில் எளிதில் திருத்தக்கூடியது டோ-இன் மட்டுமே. டை ராடைத் திருகி அதைச் சரிசெய்யலாம். காஸ்டரை, ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைத்து மாற்றலாம். கேம்பருக்குத் திருகு எதுவும் இல்லை. அது பிழைத்திருந்தால் தேய்ந்த உறுப்பு ஒன்று உண்டு, அன்றேல் அச்சு வளைந்துள்ளது என்று கொள்ளவேண்டும். தளர்ந்த உறுப்புகளை மாற்றாமல் கோணத்தை அளப்பது, ஆடும் தராசில் பொன் நிறுப்பதற்கு ஒப்பாகும்.

டயரும் தன் குறையைத் தானே சொல்லும். ஒரு தோள் மட்டும் தேய்ந்தால் கேம்பர். இரு தோளும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி தேய்ந்தால் காற்று மிகுதி. கையால் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப்பல் போலவும் இருந்தால் டோ-இன்.

மொழி அறியாத ஊரில் பட்டறைக்குச் செல்வோர், சொல்லத் தெரியாமையால் சொன்னதற்கெல்லாம் தலையசைத்து விடுவதுண்டு. இத்துறையில் அந்தக் கவலை வேண்டியதில்லை. கிங் பின், டை ராட், பேரிங், காஸ்டர் என்னும் சொற்கள் கோயம்புத்தூரிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் ஒன்றே. இவற்றுக்கு நல்ல தமிழ் காண்பது நம் போன்றோர் கடமைதான். ஆயினும் பட்டறை வாயிலில் இப்பொதுச் சொற்களே நமக்குத் துணை. டோ-இன்னைத் தொடுமுன் கிங் பின்னைப் பார்க்குமாறு கேட்பதற்கு இந்த இரண்டு சொற்களும் ஒரு கைச்சாடையும் போதும்.