தவறு யாருடையது?

புக்கிட் மேரா வட்டாரத்தின் தென்கோடியில், இன்று அடுக்குமாடி வீடுகள் உயர்ந்து நிற்கும் கெப்பல் விரிகுடாவில், முன்பு கப்பல்களைப் பழுதுபார்த்தனர். அங்குள்ள கிங்ஸ் டாக் 1913இல் திறக்கப்பட்டது. அக்காலத் துறைமுக வேலைகளில் தமிழர் பலர் உழைத்தனர். அவர்களுள் ஒருவர் கை முறிந்து வீழ்ந்திருந்தால் அவர் நிலை என்னவாகியிருக்கும்?

அன்றைய ஆங்கிலப் பொதுச்சட்டப்படி, இழப்பீடு கேட்பவர் முதலாளியின் தவறை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். உடன் உழைத்தவரின் கவனக்குறைவே காரணம் என்றாலும், காயமுற்றவரே கவனம் தவறினார் என்றாலும் வழக்கு வீழ்ந்துவிடும். கூலித் தொழிலாளிக்கு அது எட்டாக்கனி.

ஜெர்மனி 1884இலும் இங்கிலாந்து 1897இலும் இயற்றிய சட்டங்கள் கேள்வியையே மாற்றின. “யார் தவறு?” என்பது போய், “வேலையால், வேலையின்போது நேர்ந்ததா?” என்பது வந்தது. இந்தியாவில் 1923இலும், சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1930களிலும் இக்கொள்கை சட்டமாயிற்று. சுதந்திர சிங்கப்பூர் 1975இல் தன் சட்டத்தை இயற்றியது. 1978 அக்டோபர் 12ஆம் நாள் ஜூரோங் கப்பல் பட்டறையில் ‘ஸ்பைரோஸ்’ எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் மாண்டனர். அத்தகைய பேரிடரில் ஒவ்வொரு குடும்பமும் தவறு யாருடையது என்று எங்ஙனம் நிறுவும்?

2008 ஏப்ரலில் சட்டத்தின் பெயரிலிருந்து ‘தொழிலாளி’ என்ற சொல் நீங்கி, ‘வேலையிடக் காயம்’ என்பது இடம்பெற்றது. தமிழாசிரியனான எனக்கு இச்சொல் மாற்றம் பெரிதாகத் தோன்றுகிறது. உடலுழைப்பு, எழுத்து வேலை என்ற பேதமும் சம்பள வரம்பும் அதனோடு நீங்கின. 2020 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள சட்டமும் அவ்வழியே செல்கிறது. உள்நாட்டவரோ வெளிநாட்டவரோ, பணி ஒப்பந்தத்தில் உழைப்போருக்கு அது பொருந்தும். இல்லப் பணிப்பெண்களும் சுயதொழில் புரிவோரும் அதில் அடங்கார்.

மருத்துவ விடுப்பில் முதல் 14 நாள்களுக்கு முழு ஊதியம் உண்டு. மருத்துவமனையில் தங்கினால் 60 நாள்கள். அதன்பின் ஓராண்டுவரை மூன்றில் இரு பங்கு கிடைக்கும். மருத்துவச் செலவை உரிய வரம்புவரை முதலாளி ஏற்பார். நிரந்தர ஊனத்திற்கும் மரணத்திற்கும் ஒட்டுமொத்தத் தொகை உண்டு. வழக்கறிஞர் தேவையில்லை. எனினும் விபத்து நேர்ந்து ஓராண்டுக்குள் மனிதவள அமைச்சிடம் கோர வேண்டும். வேலையை விட்டு நீங்கியவரும் கோரலாம்.

“என் கவனக்குறைவுதானே” என்று வாய்மூடி இருந்துவிடும் உழைப்பாளிகள் இன்றும் உளர். குடிபோதை, கைகலப்பு போன்றவை தவிர, கவனக்குறைவு உரிமையைப் பறிப்பதில்லை. வாசக அன்பர்களே, அத்தகையவரைக் கண்டால் மூன்று செய்திகளைச் சொல்லுங்கள்: முதலாளியிடம் உடனே தெரிவிக்க வேண்டும், வேலையில் நேர்ந்த காயம் என்று மருத்துவரிடம் கூற வேண்டும், ஒவ்வொரு தாளையும் பத்திரப்படுத்த வேண்டும்.