அடியே படாமல் உடையும் எலும்பு: ஒரு ராணுவ மருத்துவ வரலாறு

1/ கீழ விழல, குண்டு படல. ஆனா ராணுவ வீரரோட கால் எலும்பு உடையுது. எப்படி? இதைக் கண்டுபிடிக்கவே டாக்டர்களுக்கு 40 வருஷத்துக்கு மேல ஆச்சு. வாங்க பார்ப்போம்.

2/ 1855. பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுந்தூரம் நடந்த வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். தசைநாண் உறையில் அழற்சி என்று நினைத்தார். பாதத்துக்குள்ளே என்ன நடக்குதுன்னு பார்க்க அன்னிக்கு வழியே இல்ல.

3/ 1895இல் எக்ஸ்ரே வந்தது. 1897இல் ஸ்டெக்கோ அப்படி வீங்கிய பாதங்களைப் படமெடுத்துப் பார்த்தார். எலும்பு முறிவு! பெயர்: மார்ச் ஃபிராக்சர்.

4/ ஏன் உடையுது? உழைப்பு கூடும்போது எலும்பு தன்னைப் புதுப்பிக்கும். முதலில் பழையதைக் கரைக்கும், பிறகுதான் புதுசு கட்டும். இதற்குப் பல வாரங்கள் ஆகும். ரோட்டைத் தோண்டிப் போட்டுட்டு, தார் போடறதுக்குள்ள லாரி விட்டா என்ன ஆகும்? அதேதான்.

5/ 1980களில் இஸ்ரேல் ராணுவத்தில் 295 புது வீரர்களை 14 வாரப் பயிற்சி முழுக்கக் கண்காணித்தார்கள். 31% பேருக்கு இந்த முறிவு! பெரும்பாலும் பாதத்தில் இல்லை. முன்கால் எலும்பிலும் தொடை எலும்பிலும்.

6/ சரி, ஷூவை மாத்துவோம்னு பார்த்தாங்க. கூடைப்பந்து ஷூ மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். பாதக் காயங்கள் குறைந்தன. மொத்த முறிவுகள் குறையல.

7/ கடைசியில் பலன் தந்தது எது தெரியுமா? தினமும் குறைந்தது 6 மணி நேரத் தூக்கம் கட்டாயம். நடக்கும் மொத்த தூரமும் குறைப்பு. இரண்டும் சேர்ந்து முறிவுகளை 60%க்கு மேல் குறைத்தன. 'இன்னும் கடுமையாப் பயிற்சி கொடு'ன்னு இருந்திருந்தா இது நடந்திருக்காது.

8/ போலீஸ், ராணுவத் தேர்வுக்காகத் திடீர்னு ஓட ஆரம்பிக்கிற தம்பி, தங்கைகளே, இது உங்களுக்குத்தான். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. நல்லா தூங்குங்க. எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் வலிக்குதா? ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. ஆரம்பத்தில் எக்ஸ்ரே நார்மலா வரலாம். 'ஒண்ணுமில்ல'ன்னு வலியோட ஓடினா, விரிசல் முழு முறிவாகலாம். அப்புறம் அந்த வருஷத் தேர்வையே மறக்க வேண்டியதுதான்.