பரையா: ஒரு சொல்லின் பயணம்

லண்டனில் படிக்கும் என் மகளின் வரலாற்றுப் பாடத்தில், நிறவெறிக் காலத் தென்னாப்பிரிக்காவை 'பரையா ஸ்டேட்' என்று குறிப்பிட்டிருந்தார்கள். உலகமே ஒதுக்கிவைத்த நாடு என்று பொருள். "அப்பா, இது தமிழ்ச் சொல்லா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் உடனே சொல்ல வரவில்லை.

பறையர் என்பது ஒரு சமூகத்தின் பெயர். ஆங்கில அகராதிகள் அதைப் பறை என்னும் முரசோடு இணைக்கின்றன. 17ஆம் நூற்றாண்டிலேயே அது ஐரோப்பியரின் பயணக் குறிப்புகளில் ஏறிவிட்டது. முதலில் ஒரு சமூகத்தின் பெயராக இருந்தது; பிறகு ஒதுக்கப்பட்ட எவருக்குமான பொதுச்சொல் ஆனது. 1821இல் கசிமிர் தெலவீன்யின் 'ல பாரியா' நாடகம் பாரிசில் மேடையேறியது. அதே நகரில் 1922இல், பின்னாளில் ஹோ சி மின் என்று உலகம் அறிந்தவர், குடியேற்ற நாட்டு மக்களுக்காக அதே பெயரில் பத்திரிகை தொடங்கினார்.

அவருக்கு முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் 'பறையன்' என்ற பெயரில் இதழ் தொடங்கியிருந்தார். பிறர் இழிவாகச் சொன்ன பெயரையே தலைப்பில் வைத்து உரிமை கேட்டார். 1930இல் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கருடன் அவர் வந்ததும் நாங்கள் வாழும் இதே லண்டனுக்குத்தான்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தென்னாப்பிரிக்கா தப்பு செஞ்சதாலதானே ஒதுக்கினாங்க? இவங்க என்ன தப்பு செஞ்சாங்க?" என்றாள்.

ஒன்றும் செய்யவில்லை. பிறப்பின் பேரால் ஒதுக்கப்பட்டவர்களின் பெயரை, பிறரைப் பிறப்பின் பேரால் ஒதுக்கிய அரசுக்கே ஆங்கிலம் சூட்டிவிட்டது. அலுவலகக் கூட்டங்களில் இந்தச் சொல் சாதாரணமாக வந்துபோகும். இருபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

ஆங்கிலேயரை மட்டும் குறைசொல்லி முடித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. நான் வளர்ந்த தெருவில் அந்தப் பெயர் ஒரு வசவு. பள்ளிக்கூடம் போகும் வயதில் நானும் அதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். யாரும் என்னைக் கண்டித்ததில்லை. சொல் கப்பல் ஏறியபோது, நாம் அதில் ஏற்றிவைத்திருந்த இழிவும் கூடவே போனது.

அன்றிரவு அதையும் மகளிடம் சொன்னேன். நாடகத்தையும் பத்திரிகையையும் பற்றிச் சொன்னதுபோல் அது எளிதாக இல்லை.