பேப்பர் போடப் போறீங்களா? 5 வருடத்துக்குள் வேலை மாறினால் பிஎஃப், கிராஜுவிட்டி என்ன ஆகும்?

முதல் வேலையில் சேர்ந்து ரெண்டு, மூணு வருஷம். சம்பளம் பெருசா ஏறல, டீம் லீடரோட ஒத்துப்போகல, ஞாயித்துக்கிழமை சாயந்தரமே வயித்தைக் கலக்குது. "பேப்பர் போட்டுடலாமா?" என்ற யோசனை அங்கேதான் தொடங்குகிறது. மாறுவதில் தப்பே இல்லை. ஆனால் மாறும் அவசரத்தில் பல இளைஞர்கள் கைக்கு வர வேண்டிய பணத்தைக் கோட்டை விடுகிறார்கள்.

புது இடம் போனா பிடிச்சிடுமா?

கொஞ்ச நாளைக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் மேலாளர்களிடம் நடத்தி 2005-ல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு 'ஹனிமூன் - ஹேங்ஓவர்' என்று பெயர் வைத்தது. வேலையை விடும் முன் திருப்தி சரிகிறது, புது வேலையில் சட்டென ஏறுகிறது, பிறகு மெல்ல இறங்கிவிடுகிறது. பிரச்சினை மேலதிகாரியா, சம்பளமா, இல்லை செய்யும் வேலையேதானா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலையே பிடிக்காதவர் அதே வேலைக்கு வேறு கம்பெனி போனால், ஐடி கார்டு கயிறுதான் மாறும்.

ஆஃபர் லெட்டரில் எதைப் பார்க்கணும்?

பெரிய எழுத்தில் இருக்கும் சிடிசி தொகையை அல்ல. நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கு, கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்ற நிலையில் உள்ள வேரியபிள் பே எல்லாம் அதற்குள் இருக்கும். பல நிறுவனங்கள் கிராஜுவிட்டிக்காக அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதத்தையும் அதில் சேர்த்துக் காட்டுகின்றன. மாதம் கையில் எவ்வளவு வரும் என்று எச்.ஆரிடம் நேரடியாகக் கேட்டு, அந்தத் தொகையை இப்போதைய சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும்.

கிராஜுவிட்டி கூடவே வராது

நிரந்தரப் பணியாளருக்கு ஒரே நிறுவனத்தில் 5 ஆண்டு தொடர் பணி இருந்தால்தான் கிராஜுவிட்டி. புது நிறுவனத்தில் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்றால், 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, 5 ஆண்டுகளால் பெருக்க வேண்டும். வருவது 75,000 ரூபாய். நாலரை வருஷத்தில் கிளம்புபவர் இதை விட்டுவிட்டுத்தான் போகிறார்.

4 ஆண்டு 240 நாள் முடித்தவருக்கும் உரிமை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. அந்த எல்லைக்கு அருகில் இருப்பவர்கள் ராஜினாமா தேதியைக் குறிக்கும் முன் எச்.ஆரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்வது நல்லது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புப்படி ஓராண்டு போதும்.

பிஎஃப் பணத்தை எடுக்கலாமா?

அதிகம் நடக்கும் தப்பு இதுதான். "புது வண்டிக்கு முன்பணம் ஆச்சு" என்று எடுத்துவிடுகிறார்கள். மொத்தம் 5 ஆண்டு பணி முடியும் முன் எடுத்தால் அது வருமான வரிக் கணக்கில் சேரும். தொகை 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால், பான் இருந்தாலும் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றினால் பழைய நிறுவனத்தின் காலமும் இந்த 5 ஆண்டில் சேரும்.

பென்ஷன் விஷயம் இன்னும் முக்கியம். நிறுவனத்தின் பங்கிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம், மாதம் அதிகபட்சம் 1,250 ரூபாய், பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. மாத ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு சர்வீஸ் வேண்டும். அந்தப் பணத்தையும் எடுத்துவிட்டால் அதுவரையிலான சர்வீஸ் அழிந்து, அடுத்த வேலையில் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

புது நிறுவனத்தில் அதே யூஏஎன் எண்ணைக் கொடுத்தால் மட்டும் போதாது. பழைய பணம் வந்து சேர்ந்ததா என்று பாஸ்புக்கில் பார்க்க வேண்டும். பழைய நிறுவனம் வெளியேறிய தேதியைப் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்பிலிருந்து 2 மாதம் கழித்து பணியாளரே யூஏஎன் தளத்தில் அதைப் பதிவு செய்துகொள்ளலாம்.